அப்லேஷனுக்குப் பின்னும் திரும்பும் மேலறை நடுக்கம்

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையான தாறுமாறான மின்தூண்டல்களுக்கு ஆட்பட்டு வெறுமனே அதிர்ந்துகொண்டிருக்கும் நிலையை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கின்றனர். இக்கட்டுரையில் அது மேலறை நடுக்கம் எனப்படும். நலமான இதயத்தில், வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசு, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்தூண்டலை எழுப்புகிறது; அத்தூண்டல் இரு மேலறைகளிலும் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணுவின் வழியே இறங்கிக் கீழறைகளைச் சுருங்கச் செய்கிறது. நடுக்கத்தின்போது மேலிருந்து வந்து மோதும் நூற்றுக்கணக்கான தூண்டல்களில் பெரும்பகுதியை ஏவி கணு மறித்துவிடுவதால்தான் உயிருக்கு உடனடி ஆபத்து நேர்வதில்லை. ஆனால் மறிப்பைக் கடந்து இறங்கும் தூண்டல்கள் எந்தக் கணக்கிலும் அடங்காதவையாக இருப்பதால், மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பவர்க்கு நாடி ஒரு துடிப்பு விரைந்தும் மறு துடிப்பு பிந்தியும், ஒன்று வலுத்தும் மற்றொன்று மெலிந்தும் தென்படும். சிலர் இதைப் படபடப்பு, மூச்சு வாங்கல், காரணமற்ற களைப்பு என்று உணர்கின்றனர். எதையும் உணராமல் ஆண்டுக்கணக்கில் இந்நிலையிலேயே நடமாடுவோரும் உண்டு.

மருந்தால் மட்டும் இந்நடுக்கம் அடங்காதபோது செய்யப்படும் அப்லேஷன் என்பது, தொடையிலுள்ள சிரையின் வழியாகக் கதீட்டர் எனப்படும் மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் செலுத்தி, நடுக்கத்தைக் கிளப்பும் தசைப்பகுதிகளைச் சூட்டாலோ கடுங்குளிராலோ செயலிழக்கச் செய்யும் சிகிச்சை. முதல் முறை பலன் நிலைக்காமல், இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் செய்துகொண்டு, அதன் பிறகும் நடுக்கத்தோடு வாழ்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். மருத்துவமோ தாங்களோ தோற்றுவிட்டதாக அவர்கள் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆயினும் அப்லேஷன் எதைச் செய்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால் அவ்வெண்ணம் நிற்காது. கதீட்டர் நடுக்கத்தின் தூண்டுகோலை மட்டுமே அழிக்கிறது; மேலறைத் தசையின் மூப்பும், அத்தசையைக் கெடுத்த நோய்களும், ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் வாய்ப்பும் அதன் கைக்கு எட்டாதவை.

தூண்டுகோல் எங்கே இருக்கிறது என்பது 1998-ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேரும் அவருடைய குழுவினரும், அடிக்கடி நடுக்கத்துக்கு ஆளான 45 நோயாளிகளின் இதயங்களை உள்ளிருந்தே ஆராய்ந்தபோது, நடுக்கத்தைத் தொடங்கிவைத்த 69 புள்ளிகளில் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள் ஒளிந்திருந்தன. நுரையீரலில் இருந்து தூய ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் இந்தச் சிரைகளின் வாய்ப்பகுதியில், மேலறைத் தசையின் இழைகள் சட்டையின் கைப்பகுதியைப் போலச் சிறிது தூரம் உள்ளே நீண்டிருக்கின்றன. அவ்விழைகள் சைனஸ் கணுவை மதியாமல் தாமாகவே மின்தூண்டலை எழுப்பக்கூடியவை. இக்கண்டுபிடிப்புக்குப் பிறகு, சிரைகளின் உள்ளே புள்ளி புள்ளியாகத் தேடிச் சுடுவதை விடுத்து, ஒவ்வொரு சிரையின் வாயைச் சுற்றியும் வட்டமாகத் தழும்பு உண்டாக்கி, உள்ளே எழும் மின்சாரம் மேலறைக்குள் வராமல் துண்டித்துவிடுவதே உலகெங்கும் வழக்கமாயிற்று.

அவ்வட்டம் முழுமையாக மூடியிருக்க வேண்டும் என்பதில்தான் முதல் சிக்கல் எழுகிறது. துடித்துக்கொண்டே இருக்கும் ஓர் உறுப்பின் உட்சுவரில், இடத்துக்கு இடம் தடிப்பு மாறும் தசையில், சுவரின் முழு ஆழத்துக்கும் தழும்பு இறங்க வேண்டும். சில இடங்களில் சூடு போதாமல் தசை சாகாமல் மயங்கி மட்டுமே கிடக்கும், வீக்கம் வடிந்தபின் அது விழித்துக்கொள்ளும், அந்தச் சிறு இடைவெளியே சிரையின் மின்சாரம் திரும்பவும் மேலறைக்குள் புகப் போதுமானது. சுடுவதை ஆழமாக்கினால் தீர்ந்துவிடாதா என்றால், இடது மேலறையின் பின்சுவருக்கு மிக அருகில் உணவுக்குழாய் செல்கிறது. மிக அரிதாக, சூட்டினால் இரண்டுக்கும் இடையே புண் துளைத்து வழி உண்டாகிவிடுவது உண்டு. பெரும்பாலும் இது சிகிச்சை முடிந்து இரண்டு முதல் நான்கு வாரங்களில், காய்ச்சலும் விழுங்கும்போது வலியுமாக வெளிப்படும். திண்டுக்கல் மாவட்டத்தின் வடமதுரை ஒன்றியத்து ஊர் ஒன்றில் அந்நேரத்தில் காய்ச்சல் கண்டால் அதை டெங்கு என்றோ டைபாய்டு என்றோ கருதி மருந்து கொடுப்பதே இயல்பாக நடக்கும். அதனால் அப்லேஷன் செய்துகொண்டவர், அடுத்த இரண்டு மாதங்களுக்கு எந்த மருத்துவரைப் பார்த்தாலும் அச்செய்தியை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த ஐயம் எழுந்தால் எண்டோஸ்கோப்பி செய்யலாகாது, சிடி ஸ்கேன்தான் எடுக்க வேண்டும் என்பதும் அவசரத்தில் மறந்துபோகக் கூடிய ஒன்று. மின்புலத்தைக் குறுந்துடிப்புகளாகச் செலுத்தித் பெரும்பாலும் தசையணுக்களையே கொல்லும் புதிய முறைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது; உணவுக்குழாய்க்கு நேரும் இந்த ஊறு அதில் மிகக் குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

சிகிச்சைக்குப் பின் முதல் எட்டு வாரங்களில் தோன்றும் நடுக்கத்தை, புண் ஆறும் காலத்து எரிச்சலாகக் கருதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் பின்னர் வருவதே மறுவரவு. போர்டோ குழுவே தன் நோயாளிகள் 100 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட கணக்கு, இத்துறையின் நேர்மையான ஆவணங்களுள் ஒன்று: ஒரே ஒரு அப்லேஷனோடு ஐந்தாண்டுகள் நடுக்கமின்றி இருந்தவர்கள் 29 விழுக்காடு மட்டுமே, தேவைப்பட்டோருக்கு மறுபடியும் செய்து, கடைசிச் சிகிச்சையிலிருந்து எண்ணும்போது அது 63 விழுக்காடாக உயர்ந்தது. ஆக, உலகின் தேர்ந்த கைகளிலும், பலமுறை செய்த பின்னும், மூவரில் ஒருவருக்கு மேல் நடுக்கம் திரும்பியிருக்கிறது. இன்றைய கருவிகள் மேம்பட்டவை என்பதால் இன்றைய விகிதங்களும் மேம்பட்டிருக்கும். ஆனால் அப்லேஷன் செய்தால் ஆயுளுக்கும் நிம்மதி என்று விளம்பரம் செய்வதற்கு எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை.

அதே வேளையில், இந்த எண்களைப் படிப்பவர் 'மறுவரவு' எப்படி வரையறுக்கப்படுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முப்பது நொடிகள் நீடித்த ஒரே ஒரு நடுக்கம் பதிவானாலும் ஆய்வாளர்கள் அந்நோயாளியைத் தோல்விப் பட்டியலில் சேர்த்துவிடுகின்றனர். கனடாவில் 346 நோயாளிகளின் தோலுக்கடியில் இதயத்துடிப்பை இடையறாது பதிவு செய்யும் சிறு கருவியைப் பொருத்தி நடத்தப்பட்ட, 2019-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அத்தகைய மறுவரவு பதிவாகியிருந்தது. ஆயினும் ஆய்வுக்குட்பட்ட நோயாளிகள் நடுக்கத்தில் கழித்த மொத்த நேரம், அப்லேஷனுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட, இடைநிலை மதிப்பில் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தது. மாதத்தில் பல நாட்கள் நடுக்கத்தோடு கிடந்த ஒருவர், இப்போது ஆண்டுக்குச் சில மணி நேரம் மட்டும் அவதிப்படுகிறார் என்றால், ஏட்டில் அவர் தோற்றவர், வாழ்க்கையில் வென்றவர். மறுவரவைப் பற்றி மருத்துவரிடம் பேசும்போது, வந்ததா வரவில்லையா என்பதோடு நிறுத்தாமல், எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த வேலையைத் தடுத்தது என்று குறித்துவைத்துச் சொல்வதே பயன் தரும்.

இரண்டாம், மூன்றாம் அப்லேஷனின்போது மருத்துவர் உள்ளே சென்று பார்க்கையில், சிரைகளின் வட்டங்கள் திறந்துகொண்டிருந்தால் அவற்றை மூடினால் போதும். அது ஒருவகையில் நல்ல செய்தி. வட்டங்கள் அனைத்தும் மூடியே இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால், கோளாறு தசைக்குள்ளேயே குடிபுகுந்துவிட்டது என்று பொருள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1995-இல் அலெசி குழுவினர் ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வு இதன் அடிப்படையைக் காட்டியது: கருவியால் மேலறைகளில் நடுக்கத்தை உண்டாக்கியபோது, தொடக்கத்தில் அது சில நொடிகளில் தானே அடங்கிற்று, அடங்க அடங்கக் கருவி அதை மீண்டும் கிளப்பிக்கொண்டே இருக்க, ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலான ஆடுகளில் நடுக்கம் 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தானே நீடிக்கத் தொடங்கியது. நடுக்கம் நடுக்கத்தையே வளர்க்கிறது. அந்த ஆடுகளில் ஒழுங்கான துடிப்பு திரும்பியபின் தசையின் மின்னியல்பு ஒரு வாரத்துக்குள் பழைய நிலையை எட்டிவிட்டது. மனிதரிலோ, ஆண்டுக்கணக்கில் நீடித்த நடுக்கமும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து தசையிழைகளுக்கிடையே நார்த்திசுவைப் படியவைத்துவிட்டால், அதைத் திருப்பும் வழி இன்றுவரை இல்லை. அப்படியானால் மேலறையின் பிற பகுதிகளிலும் கோடு கோடாகச் சுட்டு மின்சாரத்தை மறிக்கலாமே என்னும் யோசனை நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது. 589 நோயாளிகளைக் கொண்டு 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, சிரைகளைத் துண்டிப்பதோடு அத்தகைய கூடுதல் சூடுகளைச் சேர்ப்பதால் எந்த நன்மையும் விளையவில்லை என்று காட்டியது. மேலும், முழுமையாக மூடாத ஒவ்வொரு தழும்புக் கோடும் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கான புதிய பாதையாக மாறக்கூடும். பலமுறை அப்லேஷன் செய்துகொண்டவர்க்கு நாடி தாறுமாறாக இல்லாமல், சீராகவே, ஆனால் ஓய்விலும் நிமிடத்துக்கு 120, 150 என்று விடாமல் ஓடினால், அது பழைய நடுக்கமாக அன்றி ஃப்ளட்டர் எனப்படும் இச்சுற்றோட்டமாக இருக்கலாம். ஈசிஜி எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது; சிகிச்சையும் வேறு.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் மேலைநாட்டு ஆய்வுகளிலிருந்து வந்தவை. தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழும் ஒருவர்க்கு அவை எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க, இந்திய இதயத் துடிப்புச் சங்கம் 2011 ஜூலை முதல் 2012 ஆகஸ்ட் வரை நாட்டின் 24 மருத்துவமனைகளில் 1,537 நோயாளிகளைச் சேர்த்து நடத்திய பதிவேடு உதவும். அவர்களுடைய சராசரி வயது 54.7, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்நோயாளிகள் இதைவிடப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர்கள். காரணமும் அப்பதிவேட்டிலேயே இருக்கிறது: 47.6 விழுக்காட்டினருக்கு ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன இதய வால்வுகள் இருந்தன. சிறுவயதில் தொண்டைப்புண்ணாகத் தொடங்கி, மூட்டுவலியும் காய்ச்சலுமாக வந்து போய், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும் இந்நோய், செல்வ நாடுகளில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வால்வு சுருங்கியதால் ரத்தம் தேங்கி, இடது மேலறை ஊதிப் பெருத்து, நடுக்கத்துக்கு இடம் கொடுக்கிறது. இவர்களுக்கு முதல் தேவை அப்லேஷன் அன்று. பலூனால் வால்வை விரிப்பதோ, வால்வை மாற்றுவதோதான். அதைச் செய்யாமல் சிரைகளைச் சுட்டுக்கொண்டிருப்பது, வரப்பு உடைந்து நீர் பாய்ந்துகொண்டிருக்க வயலைக் கலப்பையால் சீர்செய்வதற்கு ஒப்பாகும். மாறாக, வால்வு நலமாக இருந்து, ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடற்பருமன் ஆகியவற்றால் நடுக்கம் வந்தவர்களே இன்று நம் நகரங்களில் அப்லேஷனுக்கு வருவோரில் பெரும்பாலோர். எக்கோ பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தாம் இவ்விரு வகையில் எதைச் சேர்ந்தவர் என்பதை நோயாளி ஒருமுறையேனும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில் அடுத்து வரும் மாத்திரைத் தேர்வு முழுவதும் அதையே பொறுத்தது.

மேலறை சுருங்காமல் நடுங்கும்போது, இடது மேலறையின் ஓரத்தில் பை போலத் தொங்கும் துணையறையில் ரத்தம் அசைவற்றுத் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளையின் தமனியை அடைத்தால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வின்படி, மேலறை நடுக்கம் பக்கவாத வாய்ப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. அதனால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை இந்நோயின் முதுகெலும்பான சிகிச்சை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் முதலியவற்றை மதிப்பெண்ணாகக் கூட்டி, அது யாருக்குத் தேவை என்று முடிவு செய்கின்றனர். அப்லேஷன் வெற்றி பெற்றதா என்பது அம்மதிப்பெண்ணில் இடம்பெறுவதே இல்லை. அப்லேஷனுக்குப் பின் ஓராண்டு மறுவரவே இல்லாதவர்கள் மாத்திரையை நிறுத்தலாமா என்று தென் கொரியாவில் ஆராய்ந்து 2025-இல் சாதகமான முடிவு வெளியாகியிருக்கிறது. ஆனால் நடுக்கம் திரும்பிவிட்டவர்களுக்கு அம்முடிவு பொருந்தாது. படபடப்பு நின்றுவிட்டது என்பதற்காகத் தாமாகவே மாத்திரையை விட்டுவிடுவது, நடுக்கம் சத்தமின்றியும் வரும் என்பதை மறந்த செயல்.

வால்வு சுருங்காதவர்களுக்கு அபிக்சபன், ரிவராக்சபன், டபிகட்ரன் என்னும் புதிய மருந்துகள் உள்ளன. காப்புரிமை முடிந்தபின் இந்திய நிறுவனங்களும் இவற்றைத் தயாரிப்பதால் விலை பெரிதும் இறங்கியிருக்கிறது. அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டியதில்லை. நூற்பாலையில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும் தொழிலாளிக்கு ஒருவேளை மாத்திரை வசதி என்று தோன்றினாலும், ரிவராக்சபனை வெறும் வயிற்றில் விழுங்கினால் உடல் அதைச் சரியாக ஈர்த்துக்கொள்வதில்லை, உணவோடுதான் உட்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ருமாட்டிக் நோயால் நடுக்கம் வந்தவர்களிடமும் ரிவராக்சபன் என்னும் இப்புதிய மருந்து, வார்ஃபரின் வகைப் பழைய மருந்துக்கு ஈடாகுமா என்பதை, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணேசன் கார்த்திகேயன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 24 நாடுகளில், நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். பரிசோதனைத் தொல்லை இல்லாத புதிய மருந்தே குறைந்தது சமமாகவேனும் இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, பழைய மருந்து உட்கொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏழை நாடுகளின் நோய்க்கு ஏழை நாடுகளிலேயே ஆய்வு நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இத்துறையில் இல்லை.

அப்பழைய மருந்து உலகின் பிற பகுதிகளில் வார்ஃபரின். இந்திய மருந்துச் சீட்டுகளில் பெரும்பாலும் அதன் உறவான அசிட்ரோம். இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து இயங்குபவை; ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை ஐஎன்ஆர் என்னும் எண்ணால் அளந்து, அது 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்குமாறு அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கீரைகளில் வைட்டமின் கே மிகுதி என்பதால் கீரையே கூடாது என்று நோயாளிகளிடம் சொல்லிவிடுவது எளிய, ஆனால் தவறான வழி. திண்டுக்கல் மாவட்டத்து வீடுகளில் முருங்கைக்கீரை கொல்லையிலிருந்தே அடுப்புக்கு வருவது. அதை ஒரு மாதம் முழுக்கத் தவிர்த்துவிட்டு, அடுத்த மாதம் வாரத்துக்கு நான்கு நாள் உண்டால்தான் ஐஎன்ஆர் ஏறி இறங்கும். வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு கீரை உண்பவருக்கு, அந்த உணவுக்கு ஏற்ப மாத்திரையின் அளவை அமைத்துவிடலாம். உண்மையான ஆபத்து கீரையில் இல்லை. முழங்கால் வலிக்கென மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளிலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத சூரணங்களிலும் இருக்கிறது. இவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

தசையைக் கெடுக்கும் நோய்களைக் கவனிப்பது, நான்காம் முறை கதீட்டரை நாடுவதைவிடப் பலன் மிகுந்ததாக இருக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து சான்று வந்தது. 355 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான அவ்வாய்வில், உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைத்தவர்கள், நடுக்கமின்றி நீடிக்கும் வாய்ப்பில் மற்றவர்களைவிட ஆறு மடங்கு முன்னே நின்றனர். அந்நாட்டிலேயே 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வழக்கமாகக் குடிப்பவர்கள் 140 பேரில் குடியை விட்டவர்களுக்கு மறுவரவு 53 விழுக்காடு, விடாதவர்களுக்கு 73 விழுக்காடு. டாஸ்மாக் கடை நடந்துபோகும் தொலைவில் இருக்கும் ஊர்களில் இவ்வெண்களைச் சுவரில் எழுதிவைக்கலாம். உறக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு அதற்கான சிகிச்சையும், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தத்துக்கு ஒழுங்கான மருந்தும், தைராய்டு பரிசோதனையும் இதே வரிசையில் வருபவை. அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ் 1991 மே மாதத்தில் ஓட்டப்பயிற்சியின்போது மேலறை நடுக்கத்துக்கு ஆளானபோது, பின்னணியில் இருந்தது மிகையாகச் சுரந்த தைராய்டுதான். காபியும் தேநீரும் இப்பட்டியலில் இல்லை. அளவாக அருந்துவதால் நடுக்கம் கூடுவதாக நல்ல ஆய்வுகள் காட்டவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நடுக்கம் நிலைத்துவிட்டால், ஒழுங்கான துடிப்பை மீட்கும் முயற்சியைக் கைவிட்டு, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தி வாழ்வதும் மதிப்புள்ள வழியே. 4,060 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2002-இல் காட்டியபடி, மருந்துகளால் ஒழுங்கைத் துரத்தியவர்களும் வேகத்தை மட்டும் அடக்கியவர்களும் ஆயுளில் வேறுபடவில்லை. நோய் புதிதாக வந்தவர்களிடம் ஒழுங்கை விரைவில் மீட்பது நல்லது என்று 2020-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு சொல்வது உண்மை, ஆனால் அது தொடக்க நிலைக்கான பாடம். இதயம் தளர்ந்தவர்களிடம் கணக்கு மாறும். அவர்களுக்கு மற்றோர் அப்லேஷன் உயிர்காக்கும் வாய்ப்பாகவே இருக்கலாம். வேக மருந்துகளும் பலிக்காத முதியவர்களுக்கு, பேஸ்மேக்கரைப் பொருத்திவிட்டு ஏவி கணுவையே கருக்கிவிடும் முறை இருக்கிறது: மேலறைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும், கீழறைகள் பேஸ்மேக்கரின் சொற்படி சீராகத் துடிக்கும். பின்வாங்க முடியாத முடிவு என்பதால் இதைக் கடைசியில்தான் எடுக்கின்றனர். ஆகவே மற்றொரு முறை அப்லேஷன் என்று பேச்சு வரும்போது, சில லட்சம் ரூபாய் செலவாகக்கூடிய அம்முடிவுக்கு முன், சென்ற முறை சிரைகள் மூடியிருந்தனவா திறந்திருந்தனவா, இடது மேலறையின் அளவு என்ன, எடையும் அழுத்தமும் உறக்கமும் சீராக்கப்பட்டனவா என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை பெற வேண்டும். விடை இல்லாத இடத்தில் மறுமுறை சிகிச்சைக்கு அவசரப்படுவது நியாயமாகாது.

மதுரையிலோ சென்னையிலோ அப்லேஷன் முடித்துத் திரும்பும் ஒருவர்க்கு, பின்வரும் ஆண்டுகளின் மருத்துவம் வடமதுரையிலும் திண்டுக்கல்லிலும்தான் நடக்கப்போகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்ப்பவர்கள், அரை நிமிடம் நாடியையும் தொட்டுப் பார்த்தால், தாறுமாறாக ஓடும் நாடியுடையவரை ஈசிஜிக்கு அனுப்பிவிடலாம். நாடி ஒழுங்கற்றிருக்கும்போது தானியங்கிக் கருவி காட்டும் ஒற்றை அளவை நம்பாமல், மூன்று முறை எடுத்துச் சராசரி காண வேண்டும் என்பதும் அவர்களுக்குச் சொல்லித்தரத் தக்கது. ஐஎன்ஆர் பரிசோதனை ஒன்றியத்துக்கு ஓர் இடத்திலாவது கிடைக்குமானால், அசிட்ரோம் உட்கொள்பவர் அதற்காக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிராது. நோயாளியின் பங்கு, ஐஎன்ஆர் எண்களையும் மாத்திரையின் பெயர், அளவு, உட்கொள்ளும் நேரம் ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டாருக்குச் சொல்லிவைப்பது. வாய் கோணினால், கையோ காலோ தளர்ந்தால், பேச்சு குழறினால், 108-ஐ அழைத்து, அந்தக் குறிப்பேட்டோடு கிளம்ப வேண்டும்; ஏனெனில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாகப் பக்கவாதம் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள்தான் போடுவார்கள், ஐஎன்ஆர் 1.7-ஐத் தாண்டியிருந்தால் அதையும் போட மாட்டார்கள், கடைசி மாத்திரை எப்போது உட்கொள்ளப்பட்டது என்பதே மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றாக இருக்கும்.